பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவே நாலு ஸ்டேஷன்

சென்னை கடற்கரை நிலையத்தில் வேளச்சேரிக்குப் போகும் பறக்கும் ரயிலில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் கடைசி ஸ்டேஷன் வந்துவிடும். கல்லூரி முடித்த ஒரு பிள்ளையின் அடுத்த நாலைந்து வருடங்களும் அந்தத் தூரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பட்டம் ஒரு ஸ்டேஷனில். தங்கும் அறை அடுத்த ஸ்டேஷனில். பரீட்சைக்குப் படிக்கும் நூலகம் இன்னும் கொஞ்ச தூரத்தில். வேலை தரும் கண்ணாடிக் கட்டடங்கள் அதற்கும் அப்பால்.

1995-ல் சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 2007-ல் வேளச்சேரியை எட்டிய பாதை இது. பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி, மாடி உயரத்தில் போகிறது. எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும், ஊரிலிருந்து வரும் போனில் கேள்வி மட்டும் ஒன்றுதான்: "ஏதாச்சும் தகவல் உண்டாப்பா?"

சேப்பாக்கம்

ஸ்டேஷனில் இறங்கி, கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டி, வாலாஜா சாலை வழியாகக் கடற்கரைப் பக்கம் நடந்தால் சென்னைப் பல்கலைக்கழகம். 1879-ல் கட்டி முடிக்கப்பட்ட செனட் ஹவுஸின் கோபுரங்கள் தூரத்திலிருந்தே தெரியும். பட்டமளிப்பு விழாவில் ரேங்க் வாங்கியவர்களும் முனைவர்களும் இங்கே மேடை ஏறுவார்கள். மற்றவர்களுக்கு அவரவர் கல்லூரியிலேயே விழா நடக்கும். எங்கே நடந்தாலும் காட்சி ஒன்றுதான். அளவு சரியில்லாத கறுப்பு அங்கி, அதை நீவிவிடும் அம்மா, போட்டோவுக்கு நிற்கத் தெரியாமல் விறைத்து நிற்கும் அப்பா.

'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்று அரசே சான்றிதழ் கொடுக்கும் மாநிலம் இது. அந்த வீட்டின் முதல் பட்டதாரியைப் போல, இந்தப் பல்கலைக்கழகத்துக்கும் முதல் பட்டதாரிகள் உண்டு. 1857-ல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில், அடுத்த ஆண்டே பி.ஏ. தேறியவர்கள் இரண்டு பேர். இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை, இன்னொருவர் சி.வை.தாமோதரம்பிள்ளை.

முதல் பட்டதாரி என்பதால் தாமோதரம்பிள்ளையின் பாதை ஒரே நேராகப் போய்விடவில்லை. பத்திரிகைப் பணி, ஆசிரியர் பணி, அரசுக் கணக்கு அலுவலகம் என்று மாறி மாறிப் போனது. 1871-ல்தான் சட்டத்தில் தேறினார். பட்டம் வாங்கி 13 வருடங்கள் கழித்து! கும்பகோணத்தில் வக்கீல், பிறகு புதுக்கோட்டையில் நீதிபதி. ஆனால் இன்றைக்கு ஊர் அவரை நினைப்பது இந்த உத்தியோகங்களுக்காக அல்ல. ஏட்டுச்சுவடிகளைத் தேடி எடுத்து, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-லும், கலித்தொகையை 1887-லும் அச்சில் கொண்டு வந்ததற்காக!

திருவல்லிக்கேணி

அடுத்த ஸ்டேஷன். பார்த்தசாரதி கோயிலுக்கு வருபவர்கள் ஒரு பக்கம் போக, முதுகில் பையும் கையில் வாளியுமாக இறங்குபவர்கள் மேன்ஷன்களைத் தேடிப் போவார்கள். ஊரிலிருந்து வரும் பிரம்மச்சாரிகளுக்குப் பல தலைமுறைகளாக இடம் கொடுத்த பேட்டை இது.

அப்படி ஓர் அறையை நினைத்துப் பாருங்கள். மூன்று கட்டில், ஒரு மின்விசிறி, ஆணியில் தொங்கும் சட்டைகள், வராந்தா கோடியில் பொதுக் குளியலறை. ஒருவர் பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீஸில் உதவியாளர். இன்னொருவர் மெக்கானிக்கல் இன்ஜினீயர். பகலில் படிப்பு, சாயங்காலம் சாப்பாடு டெலிவரி. மூன்றாமவருக்கு ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது, சேரும் தேதிதான் வரவில்லை. மாதக் கடைசியில் மூவரும் டோக்கன் மெஸ்ஸில் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். முதல் சம்பளம் யாருக்கு வருகிறதோ, ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி அன்றைக்கு அவர் செலவு. ஞாயிற்றுக்கிழமை என்றால் பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகக் கடை. போன வருடம் பரீட்சை எழுதியவர் விற்ற கைடை, இந்த வருடம் எழுதுபவர் வாங்கிப் போவார். உள்ளே கோடு போட்டவர் தேறினாரா என்பது புத்தகத்தில் எழுதியிருக்காது.

இந்தப் பேட்டையின் ஹனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்தவர்தான் கணிதமேதை ராமானுஜன். கல்லூரிப் பரீட்சையில் தேறாதவர். சிபாரிசுக் கடிதங்களோடு வேலைக்கு அலைந்து, 1912-ல் துறைமுகப் பொறுப்புக் கழகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா ஆனார். அடுத்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. பட்டம்? அது 1916-ல், கேம்பிரிட்ஜில் கிடைத்தது. அவருக்கு வேலை முதலில் வந்தது, பட்டம் பின்னால் வந்தது.

கோட்டூர்புரம்

மயிலாப்பூர், மந்தைவெளி எல்லாம் தாண்டி, ரயில் அடையாற்றைக் கடந்ததும் கோட்டூர்புரம். நடந்து போகும் தூரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15 அன்று திறந்தது. வெளியிலிருந்து சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்றே இங்கே தனிப் பகுதி உண்டு. காலையிலேயே டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து இடம் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் இளம் பட்டதாரிகள்.

குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு படித்திருந்தால் போதும். ஆனால் மேஜையில் குனிந்திருப்பவர்களிடம் பி.இ., எம்.எஸ்சி. என்று பட்டங்கள் இருக்கும். மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் தமிழுக்கு மட்டும் 100 கேள்விகள். கல்லூரியில் வெப்ப இயக்கவியல் படித்தவர், ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை மறுபடி எடுத்து எதுகையும் மோனையும் படிக்கிறார். அறிவிப்பு, எழுத்துத் தேர்வு, முடிவு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு என்று ஒவ்வொரு படிக்கும் காத்திருக்க வேண்டும். அதற்குள் கூடப் படித்தவர்களின் கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் பேச்சு நடக்கும்.

"இந்தத் தடவை போடலைன்னா விட்டுடலாம்னு இருக்கேன் மச்சான்."

"போன தடவையும் இதைத்தானேடா சொன்ன."

இரண்டு பேரும் சிரித்துவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போவார்கள். சிரிப்பில் பாதி உண்மை. எத்தனை தடவை எழுதுவது, எப்போது நிறுத்துவது என்பது எந்தக் கைடிலும் இல்லாத கேள்வி. நாலாவது தடவையில் தேறியவரும் உண்டு. நாலாவது தடவையோடு கிளம்பி, ஊரில் கடை போட்டு நன்றாக இருப்பவரும் உண்டு. இரண்டுமே பிழைப்புதான்.

திருவான்மியூர்

ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே டைடல் பார்க். 2000-ல் திறந்த இந்தக் கட்டடத்துக்குப் பிறகுதான் பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. சாலையாக வளர்ந்தது. காலை நேர ரயிலில் இங்கே இறங்குபவர்கள் கழுத்தில் அடையாள அட்டை ஆடும். ஊரில் அந்த அட்டை ஒரு பதக்கம் மாதிரி. "புள்ளை கம்பெனியில இருக்கா" என்று அம்மா சொல்லும் குரலே தனி.

அந்தப் பெண் லேடீஸ் ஹாஸ்டலில் நாலு பேர் அறையில் இருப்பதும், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்கப் பழகுவதும், புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருக்கும் வாரங்களில் வயிற்றைக் கலக்குவதும் ஊருக்குத் தெரியாது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை, இரண்டாவதிலிருந்து கல்விக் கடன் தவணை. வேலை கிடைத்ததும் எல்லாம் முடிந்ததென்று வீடு நினைக்கும். அவருக்கோ அப்போதுதான் தொடங்கியிருக்கும்.

திரும்பும் ரயில்

சாயங்காலம் கடற்கரைக்குத் திரும்பும் ரயிலில் எல்லோரும் ஒரே பெட்டியில் கலந்துவிடுகிறார்கள். அட்டையைப் பையில் போட்டுவிட்டவர், கைடை மடியில் வைத்துத் தூங்குபவர், டெலிவரிக்கு நேரமாகிறதே என்று கதவோரம் நிற்பவர். யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வழியிலேயே போன் அடிக்கும். "ஏதாச்சும் தகவல் உண்டாப்பா?" பதில் பல நாள் ஒரே மாதிரிதான். "வந்ததும் சொல்றேன்மா." அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கொஞ்சம் மௌனம்.

சில வீடுகளில் மட்டும் அம்மா அந்தக் கேள்வியை மாற்றிக்கொண்டிருப்பார். "இன்னிக்கு என்ன சாப்பிட்ட? தலை வலிக்குதுன்னியே, பரவாயில்லையா?" அன்றைக்கு அந்தப் பிள்ளை திருவல்லிக்கேணியில் இறங்கி, மேன்ஷன் படி ஏறும் வரைக்கும் பேசிக்கொண்டே போவான்.