எஞ்சின் மட்டுமா காரணம்?

விமானப் பணிப்பெண் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? அழகிய சீருடை, மாறாத புன்சிரிப்பு, கையில் ஒரு காப்பித் தட்டு! என் அக்கா அந்த வேலைக்குத் தேர்வானபோது எங்கள் உறவினர் பலரும் இதையேதான் நினைத்தார்கள். “இவ்வளவு படித்த பெண் காப்பி கொடுக்கவா போக வேண்டும்?” என்று பெரியம்மா வருத்தப்பட்டார். ஆனால் அக்கா பயிற்சியில் கற்றதோ வேறு. கனமான விமானக் கதவைத் திறக்கவும், புகை நிறைந்த அறையில் தவழ்ந்து வழி காணவும், “பைகளை விட்டுவிட்டு வெளியேறுங்கள்!” என்று தொண்டை வறளக் கத்தவும் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

“எதற்கு இத்தனை?” என்று கேட்டேன். “மான்செஸ்டர்” என்று ஒரே சொல்லில் பதில் சொன்னாள். காலாண்டு விடுமுறையில் அந்த விபத்தின் விசாரணை அறிக்கையை, அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். அதில் அறிந்ததைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

1985-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள், காலை ஏழு மணி கடந்து சில நிமிடங்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் விமான நிலையத்திலிருந்து கிரேக்க நாட்டின் கோர்ஃபு தீவுக்குச் செல்ல, பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஓடுபாதையில் விரைந்துகொண்டிருந்தது. விடுமுறையைக் கழிக்கச் செல்லும் 131 பயணிகளும், 6 பணியாளரும் அதில் இருந்தனர். விமானம் மேலெழும்பும் முன்பே ‘தொம்’ என்று ஓர் ஒலி. டயர் வெடித்துவிட்டது என்றோ, பறவை மோதிவிட்டது என்றோ எண்ணிய விமானிகள் உடனே புறப்பாட்டைக் கைவிட்டனர். சில விநாடிகளில் தீ எச்சரிக்கை மணி ஒலித்தது. வேகம் குறைந்த விமானம் ஓடுபாதையை விட்டு வலப்புறம் திரும்பி நின்றது.

தரையை விட்டு ஓரங்குலம்கூட எழும்பாத விமானம் அது. தீயணைப்பு வண்டியும் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. ஆயினும் 55 பேர் மாண்டனர். 82 பேரே பிழைத்தனர். இது எப்படி நேர்ந்தது?

பிரிட்டனின் விமான விபத்து விசாரணைக் குழுவினர் முதலில் இடப்புற எஞ்சினைப் பிரித்துப் பார்த்தனர். அந்த வகை எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்து எரிவதற்கென 9 எரிகலன்கள் வட்டமாக அமைந்திருக்கும். அவற்றுள் ஒன்பதாவது கலனில் முன்பு விரிசல் கண்டு, வெல்டிங் வைத்துச் சரிசெய்திருந்தார்கள். அந்தக் கலன் மீண்டும் விரிந்து உடைந்து இடம் பெயரவே, கடும் வெப்பம் எஞ்சினின் வெளிக்கூட்டைத் தாக்கி அதை வெடிக்கச் செய்தது. அந்த எஞ்சின் வேகம் பிடிக்கத் தாமதிக்கிறது என்று முன்னரே விமானிகள் குறித்து வைத்திருந்தனர். பராமரிப்பாளர்களும் அதைச் சீர்படுத்த முயன்றிருந்தனர். ஆனால் அந்தச் சோம்பலுக்கும் உள்ளே வளரும் விரிசலுக்கும் உள்ள தொடர்பை எவரும் அறியவில்லை.

“காரணம் கிடைத்துவிட்டது” என்று அறிக்கையை இங்கேயே மூடியிருக்கலாம். ஆனால் விசாரணையாளர்கள் அடுத்த கேள்வியைக் கேட்டனர். எஞ்சின் உடைந்தால் இவ்வளவு பெருந்தீ ஏன் எழ வேண்டும்?

கலனிலிருந்து தெறித்த துண்டு இறக்கையின் அடியில் இருந்த ஒரு மூடியில் மோதியது. எரிபொருள் தொட்டியைப் பழுது பார்ப்பதற்கான மூடி அது. இறக்கையின் அடித்தகடு தாங்கும் அடியில் ஏறக்குறைய கால் பங்கையே அந்த மூடியால் தாங்க முடியும்! மூடி துளைபட்டது, எரிபொருள் கொட்டியது, தீப்பற்றியது. விமானம் வலப்புறம் திரும்பியபோது இடப்புறமிருந்து வீசிய காற்று அந்தத் தீயை நேராக விமானத்தின் உடலை நோக்கித் தள்ளியது. நம் கன்னத்தை வருடிச் செல்லும் மெல்லிய காற்றுதான். எரியும் விமானத்துக்கு அதுவே கூற்றாயிற்று.

மூன்றாவது கேள்விதான் என் நெஞ்சைத் தொட்டது. விமானம் நின்றபோது உயிரோடிருந்தவர்கள் ஏன் வெளியேற முடியவில்லை?

முன்புற வலக்கதவு சறுக்குப் பெட்டியின் மூடி சிக்கியதால் உடனே திறக்கவில்லை. முன்புறச் சமையலறைத் தடுப்புகளுக்கு நடுவே இருந்த குறுகிய வழியில் பயணிகள் நெரிசலில் சிக்கிக்கொண்டனர். அங்கிருந்த பணிப்பெண் ஒருவரைப் பற்றி இழுத்து விடுவித்த பிறகே கூட்டம் நகர்ந்தது. வலப்புற இறக்கையின் மேலிருந்த அவசர வழியருகே அமர்ந்திருந்த பெண் பயணி, கைப்பிடி எதுவென்று தெரியாமல் இருக்கையின் கைத்தாங்கியை இழுத்தார். அவருடைய தோழி எட்டிச் சரியான பிடியை இழுத்ததும், ஏறக்குறைய 22 கிலோ எடையுள்ள கதவு உட்புறமாக அவர் மேலேயே விழுந்தது. இதற்குள் கரும்புகை பின்னிருந்து முன்னோக்கி உருண்டு வந்தது. இறந்தோரில் பெரும்பாலோரைக் கொன்றது தீயன்று; அந்தப் புகையில் கலந்திருந்த கார்பன் மோனாக்சைடும் சயனைடுமே.

பின்புறத்தில் இரு பணிப்பெண்கள் இருந்தனர். பின்புற வலக்கதவு திறக்கப்பட்டது. ஆனால் தீயும் புகையும் சூழ்ந்த அந்த வழியாக ஒருவரும் தப்பவில்லை. அவ்விருவரும் பயணிகளோடு மாண்டனர். அவர்களுக்கும், முன்புறத்தில் பலரைக் காப்பாற்றிய அவர்களுடைய தோழர் இருவருக்கும் பின்னர் அரசியாரின் வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. இதைப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு காப்பிப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

1988-இல் வெளிவந்த அறிக்கை 30-க்கும் மேற்பட்ட பரிந்துரைகளைத் தந்தது. இந்தப் பணியில் ஒரு பெண்மணியின் பங்கும் உண்டு. கிரான்ஃபீல்டு கல்வி நிறுவனத்தில் உளவியலாளராக இருந்த ஹெலன் மியூர், பழைய விமானம் ஒன்றில் மக்களை அமர்த்தி வெளியேறச் செய்து பார்த்தார். ஒழுங்காக வெளியேறச் சொன்னபோது எல்லாரும் வரிசையாக வந்தனர். “முதலில் வெளியேறும் பாதிப்பேருக்கு ஆளுக்கு 5 பவுண்டு” என்றதும், அதே மக்கள் குறுகிய வழியில் முட்டிமோதிச் சிக்கிக்கொண்டனர்! வெறும் 5 பவுண்டுக்கே இப்படியென்றால், உயிருக்கு எப்படி ஓடுவார்கள்? தடுப்புகளுக்கு நடுவிலும் இறக்கை வழியருகிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை அச்சோதனைகள் அளந்து காட்டின.

இன்று இறக்கை வழியருகே அமர்பவர்களிடம் கதவைத் திறக்கும் முறையைப் பணியாளர்கள் விளக்குகிறார்கள். பின்னாளில் வந்த 737 விமானங்களில் அந்தக் கதவு கீல் மீது வெளிப்புறமாக மேலெழுந்து திறக்கிறது. எவர் மடியிலும் விழுவதில்லை. எல்லாப் பரிந்துரைகளும் நிறைவேறிவிடவில்லை. பயணிகளுக்குப் புகைத் தடுப்பு முகமூடி வேண்டும் என்ற கருத்து இன்றுவரை கட்டாயமாக்கப்படவில்லை.

தோழியரே, கைத்தாங்கியை இழுத்த அந்தப் பெண்மணியை எண்ணிப் பாருங்கள். “அவரால்தான் தாமதம்” என்று சொல்வது எவ்வளவு எளிது! விசாரணையாளர்களோ, வழியறியாத பயணி ஒருத்தியால் எளிதில் திறக்க முடியாதபடி அந்தக் கதவு ஏன் அமைந்தது என்று கேட்டார்கள். விமான விபத்து விசாரணையின் நோக்கம் இனியொரு விபத்தைத் தடுப்பதே, பழி சுமத்துவதன்று என்பது பன்னாட்டு விதி. குற்றவாளியைத் தேடியிருந்தால் ஒருவர் கிடைத்திருப்பார். கதவு மட்டும் அப்படியே இருந்திருக்கும்.

நம் வீட்டில் ஒரு குவளை உடைந்தாலும், ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை உடைந்தாலும் எழும் முதல் கேள்வி, “யார் உடைத்தது?” என்பதே. பெயர் தெரிந்ததும் திட்டு விழுகிறது, விசாரணை முடிகிறது. குடுவை ஏன் மேசையின் ஓரத்தில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே அடுத்த மாதம் இன்னொரு குடுவை உடைகிறது. இன்னொரு பெண் அழுகிறாள்.

“யார்?” என்னும் கேள்வி ஒருவரை அழவைக்கும். “ஏன்?” என்னும் கேள்வி, பொறுமையோடு மும்முறை கேட்கப்பட்டால், முகம் தெரியாத பலரைக் காக்கும். நாளை நம்மில் சிலர் பொறியாளர் ஆகலாம், சிலர் மருத்துவர் ஆகலாம், சிலர் ஒரு குடும்பத்தை நடத்தலாம். எங்கிருந்தாலும் முதல் விடையோடு நின்றுவிடாமல் அடுத்த கேள்வியையும் கேட்போமாக!

— பன்னிரண்டாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி