பழைய கணிப்பொறியும் பிறர் அமானிதமும்

பக்கத்து வீட்டார் தம் வீட்டுச் சாவியை நம்மிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குச் சென்றால், அவர்கள் திரும்பும்வரை நாம் வழக்கத்தைவிடக் கூடுதல் கவனத்துடன் இருப்போம். அதே அண்டை வீட்டாரின் ஆதார் நகலும் வங்கிப் புத்தகத்தின் படமும் நம் கணிப்பொறியில் இருக்கும்போது அத்தகைய கவனம் நம்மில் பலருக்கு வருவதில்லை.

அண்ணனூரில் எங்கள் வீட்டிலுள்ள கணிப்பொறி பலருக்கும் பயன்படுவது. ஹஜ் விண்ணப்பம் நிரப்ப வருவோர், முதியோர் உதவித்தொகைக்கு மனுச் செய்ய வருவோர், வளைகுடாவில் பணியாற்றும் மகனுக்குச் சான்றிதழ் அனுப்ப வருவோர் எனப் பலருடைய ஆவணங்கள் அதில் வந்து போகின்றன. பள்ளிவாசல் கணக்குகளும் அதில்தான் இருக்கின்றன.

இந்தக் கணிப்பொறியை இயக்கி வந்த அடிப்படை மென்பொருள், அதாவது இயங்குதளம், விண்டோஸ் 10. 2015இல் வெளிவந்த இதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. அதனால் கணிப்பொறி நின்றுபோய்விடாது. நேற்றுப் போலவே இன்றும் ஓடும். ஆனால் அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா. அடுத்ததான விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், இன்டெல் வகையாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் வேண்டும். எங்களுடையது 2016இல் வாங்கிய ஆறாம் தலைமுறைக் கணிப்பொறி.

என்ன செய்வதென்று குடும்பத்தில் மஷூரா செய்தோம். "புதியது வாங்கிவிடலாம் வாப்பா" என்றான் மகன். "ஓடுகிற பொருளை எதற்காக ஒதுக்க வேண்டும்?" என்று கேட்டார் என் மனைவி. கையிலிருந்த பணமோ மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென எடுத்துவைத்தது.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வீண் விரயத்தைத் திருமறை கண்டிக்கிறது. அமானிதத்தைப் பேணி உரியவரிடம் சேர்க்குமாறும் அதே திருமறை கட்டளையிடுகிறது. ஒன்றைக் காக்கப் போய் மற்றொன்றைக் கைவிடலாகாது.

ஆபத்து கற்பனையானதன்று. 2017 மே 12ஆம் நாள் பரவத் தொடங்கிய 'வான்னாக்ரை' என்னும் தீய நிரல், 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைத் தாக்கி, கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் 14ஆம் நாளே வெளியாகியிருந்தது. திருத்தம் கிடைத்தும் பதியாதவர்களுக்கே இந்த நிலை என்றால், திருத்தமே வராத கணிப்பொறியின் நிலை என்னவாகும்?

வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்களை நீட்டித்துத் தரும் ஏற்பாட்டையும் மைக்ரோசாப்ட் அறிவித்தது. அது மூச்சு விடுவதற்கான அவகாசமே தவிர, முடிவான தீர்வாகாது. மற்றொரு வழி, 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த லினக்ஸ். இது நம் மண்ணுக்கும் அந்நியமானதன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டது.

லினக்ஸின் பல வகைகளைப் பென் டிரைவில் ஏற்றி, கணிப்பொறியில் எதையும் அழிக்காமலே இயக்கிப் பார்க்க இயலும். 'லினக்ஸ் மின்ட்' என்ற வகையை அவ்வாறு ஒரு வாரம் சோதித்தோம். அச்சுப்பொறி வேலை செய்தது. பள்ளிவாசல் கணக்குகள் திறந்தன. தமிழக அரசு 2010இல் யூனிகோடு முறையை ஏற்பதற்கு முன்பு தட்டச்சிடப்பட்ட ஜமாஅத் கூட்டக் குறிப்புகள் மட்டும் புரியாத குறிகளாகத் தோன்றின. பழைய எழுத்துருவையும் நிறுவியவுடன் அவை தெளிவாயின. மகளின் பாடத்துக்கான ஒரு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்பது தெரிந்தது. அதனைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்திக்கொள்வதாக அவள் மனமுவந்து கூறினாள்.

மாற்றத்துக்கு முன் எல்லாக் கோப்புகளையும் இரு தனி வன்தட்டுகளில் படியெடுத்தோம். அவை சரியாகத் திறக்கின்றனவா என்று வேறொரு கணிப்பொறியில் பார்த்தபின்னரே பழையதை நீக்கினோம். பிறருடைய ஆவணங்களை ஒன்றுவிடாமல் பட்டியலிட்டு, உரியவர்களிடம் கேட்டு, தேவை முடிந்தவற்றை வன்தட்டுகளிலிருந்தும் சேர்த்து அழித்தோம். எந்த இயங்குதளமாயினும், நம்மிடம் இல்லாத ஆவணத்தை நம்மிடமிருந்து எவரும் திருட முடியாதன்றோ! இந்த ஒரு வேலைக்கே மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாட்கள் பிடித்தன. மிகுந்த மனநிறைவைத் தந்ததும் இதுவே.

எல்லோருக்கும் இம்முடிவு பொருந்துமென்று கூறமாட்டேன். தொழிலுக்கு விண்டோஸ் மென்பொருள் இன்றியமையாதவர்கள் புதிய கணிப்பொறி வாங்குவது விரயமாகாது. இணையத்தில் இணைக்காமல் தட்டச்சுக்கு மட்டும் பயன்படுத்துவோர்க்கு அவசரமும் இல்லை. ஆனால் அண்டை அயலாருக்கு உதவும் கணிப்பொறி உங்கள் வீட்டில் இருக்குமானால், புதியதா பழையதா என்று ஆராயுமுன், அதனுள் யார் யாருடைய பொருள் இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எதை மாற்ற வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம் என்பது அப்போது தானே விளங்கும்.

நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட அனைத்தையும் பேணிக் காக்கும் நற்பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.