ஆடை படிந்த டீ

ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் இன்று எங்கள் டீமில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஒரு வாரமாக ஆபீஸ் முழுக்க ஆட்குறைப்பு பற்றித்தான் ஒரே பேச்சு: "லிஸ்ட் ரெடியாம்." ஹெச்.ஆர். அறைக் கதவு சாத்தினாலே எல்லார் தலையும் திரும்புகிறது. பதினாலு வருஷ சர்வீஸ் உள்ள அண்ணன் ஒருவர், வீட்டுக்கடன் பாக்கியை போனில் பார்த்துக்கொண்டே நின்றார். கையிலிருந்த டீயில் ஆடை படிந்துவிட்டது.

2025 ஜூலையில் டிசிஎஸ் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள்தான் அதிகம் என்றார்கள். அன்றிலிருந்து நாற்பதைத் தொட்ட யாருக்கும் நிம்மதியான தூக்கமில்லை.

நண்பர்களே, ஒன்றை மறக்காதீர்கள். 2015 ஜனவரியில், வேலைநீக்க நோட்டீஸ் வந்த கர்ப்பிணி ஊழியர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கினார். ஐடி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று 2016இல் தமிழக அரசே தெளிவுபடுத்தியது.

கூப்பிட்டு நெருக்கினாலும், அந்த நிமிடமே ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள். அவகாசம் கேளுங்கள். வீட்டில் மறைக்காமல் சொல்லுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் வாடிப்போயிருந்தால், டீக்குக் கூட்டிப்போங்கள். வேலை போகலாம், நாம் ஒருவருக்கொருவர் இல்லாமல் போய்விடக் கூடாது.