ஆலியும் இறக்கையும்

பனி என்னும் சொல்லைத் தமிழ் மென்மையாகவே வளர்த்திருக்கிறது. புல்நுனித் துளியும் பனி. மார்கழி விடியலின் மூடாக்கும் பனி. இமயத்தைப் போர்த்திக் கிடப்பதும் பனிதான். விமானத்தின் உடலைப் பனிக்கட்டி பற்றுவதைப் 'பனி படிதல்' என்று எழுதும்போது, தூசி படிவதைப் போன்றதொரு நிதானமான காட்சியே மனத்தில் எழுகிறது. அச்சொல் ஆபத்தை மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

என்னிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்ற இயற்பியல் மாணவன் ஒருவன் சிறு விமானம் ஓட்டக் கற்றுவருகிறான். பனியைப் பற்றி அவன் சொன்னதை அவன் தாயார் நம்பவில்லை. "நம்மூரு வெயிலுக்குப் பனி எங்கீங்க வரப்போவுது?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான ஐயம்தான்.

வெயில் தரைக்கு உரியது. சூலூருக்கு நேர் மேலே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில், சித்திரையிலும் நீர் உறையும் குளிர். கோடைமழையில் விழும் ஆலங்கட்டி அங்கே பிறப்பது. சங்கப் புலவர் அதனை ஆலி என்றனர். ஆனால் இறக்கைக்கு ஆலியைக் காட்டிலும் பெரும்பகை, உறையாத நீர். மேகத்தின் நுண்துளிகள் சுழியத்துக்குப் பல பாகை கீழே குளிர்ந்த பின்னும் நீராகவே மிதக்கும். பற்றிக்கொள்ள ஒரு பொருள் வந்து மோதியதும் பட்ட இடத்தில் கல்லாகும்.

எடை கூடுவதே கேடு என்று பலர் எண்ணுவர். வடிவம் கெடுவது அதனினும் கொடிது. உப்புத்தாளின் சொரசொரப்புள்ள ஒரு படலம், இறக்கையின் தூக்குவிசையை 30 விழுக்காடு வரை குறைத்து, இழுவையை 40 விழுக்காடு வரை கூட்டிவிடக்கூடும். 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லான் அருகே வீழ்ந்த ஏடிஆர் 72 விமானத்தில் 68 பேர் மாண்டனர். சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் பறந்து நம்மவர் பழகிய அதே ரகம். பனியை உடைத்துத் தள்ளும் ரப்பர் உறைகள் அதன் இறக்கை முன்விளிம்பில் இருந்தன. பனியோ அவ்வுறைகளுக்குப் பின்னால் வரப்புக் கட்டிவிட்டது.

எங்கள் ஊரில் இப்பேச்சு எழுந்தால், 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்டு, 29 பேருடன் வங்கக்கடல்மேல் மறைந்த ஏஎன் 32 விமானத்தை நினைப்போர் உண்டு. அது சூலூரின் 33ஆம் படையணியைச் சேர்ந்தது. 2024இல்தான் அதன் சிதைவுகள் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் படமாயின. அதைப் பனியின் கணக்கில் எழுதுவது முறையாகாது. துயரத்துக்கு ஏதேனும் ஒரு பெயர் தேடும் மனம் அப்படி அலைகிறது, அவ்வளவே.

பயிற்சி விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ரப்பர் உறைகூட இல்லை; பனி பிடிக்கும் மேகத்துள் நுழைய அவற்றுக்கு அனுமதியும் இல்லை. அவை பறப்பதும் அவ்வுயரத்துக்கு மிகத் தாழ்ந்து. அப்படியானால் அந்தத் தாயார் சொன்னது சரிதானோ என்றால், அதுவுமில்லை. செஸ்னா 152 போன்றவற்றின் கார்புரேட்டரில் எரிபொருள் ஆவியாகும்போது உள்ளிழுக்கப்படும் காற்று 20 பாகைக்கு மேலும் குளிர்ந்துவிடக்கூடும். வெளியே 25 பாகை இதமான வெப்பமும் ஈரக்காற்றும் இருக்கும் நாளில், எஞ்சினின் தொண்டைக்குள் பனிக்கட்டி வளரும்.

அதற்கு மருந்து, சூடான காற்றைத் திருப்பிவிடும் ஒரு பிடி. அதை இழுத்ததும் உருகிய நீர் எஞ்சினுக்குள் இறங்க, திணறல் முன்னிலும் மோசமாகும். அஞ்சிப்போய்ப் பிடியைத் திரும்பத் தள்ளினால் பனி மீண்டும் அடைக்கும். இருமி முடித்துச் சீராகும்வரை பிடியை அப்படியே விட்டுவைக்க வேண்டும். அவனுடைய பயிற்சியாளர் இதை மட்டும் பலமுறை செய்து காட்டச் சொன்னாராம்.