முறுக்கைவிட மூட்டைக்கு விலை அதிகம்... திருச்சி ஏர்போர்ட்டில் எடைபோடப்படும் பயணங்கள்!

புதுக்கோட்டை சாலையில் திருச்சி விமான நிலையத்தை நெருங்கும்போதே வழியனுப்ப வந்த வேன்கள் கண்ணில் படத் தொடங்கிவிடும். அறந்தாங்கி, பேராவூரணி, பெரம்பலூர், காரைக்குடி, கும்பகோணம் எனச் சுற்றுவட்டாரம் முழுக்க இங்கேதான் வந்து சேர்கிறது. விமானம் ஏறப்போவது ஒருவர்தான். ஆனால் வேனிலிருந்து இறங்குபவர்கள் பத்துப் பேர். பாட்டி, மாமன், மச்சான், தூக்கத்தில் சிணுங்கும் குழந்தை, கூடவே புளியோதரைப் பொட்டலம். கோயில் திருவிழாவுக்கு வந்த கூட்டம் என்றே வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

விமான நிலையமும் கோயிலைப் போலத்தான் கட்டப்பட்டிருக்கிறது. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு உருவான புதிய முனையத்தை 2024 ஜனவரி 2-ம் தேதி பிரதமர் மோடி திறந்துவைத்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் அது பயன்பாட்டுக்கு வந்தது. கோபுரச் சாயலில் முகப்பு, சுவர்களில் ஸ்ரீரங்கம் ஓவியங்கள், வண்ணக் கோலங்கள். உள்ளே நுழையும் எவரும் ஒரு நிமிடமாவது அண்ணாந்து பார்க்காமல் போவதில்லை.

இந்த விமான நிலையத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. இந்தியாவின் பெரும்பாலான விமான நிலையங்களில் உள்நாட்டுப் பயணிகள்தான் அதிகம். திருச்சியில் கதை தலைகீழ். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா, கொழும்பு என வெளிநாடு போகிறவர்களே அதிகம். சுற்றுலாப் பயணிகள் இருக்கிறார்கள் என்றாலும், இந்தக் கூட்டத்தின் முதுகெலும்பு கட்டடத் தொழிலாளியும் டிரைவரும் சமையல்காரரும், மகளுக்குப் பிரசவம் பார்க்கக் கிளம்பும் அம்மாவும்தான்.

அவர்கள் கொண்டுபோகும் பெட்டியைத் திறந்தால் ஒரு வீடே இருக்கும். மணப்பாறை முறுக்கு, இட்லிப் பொடி, வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள், வடகம், நார்த்தங்காய் ஊறுகாய், நாலு மடிப்பு பிளாஸ்டிக் கவருக்குள் கருவாடு. 'அங்கே எல்லாமே கிடைக்குதும்மா' என்று மகன் சொன்னாலும் அம்மா கேட்பதில்லை. கசகசாவை மட்டும் விவரம் தெரிந்த யாராவது எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். நம் ஊர் குருமாவில் சாதாரணமாக விழும் அந்தப் பொருள் வளைகுடா நாடுகளில் போதைப்பொருள் கணக்கில் வருகிறது. ஒரு சிட்டிகை கசகசா ஜெயில் வரை கொண்டுபோய் விட்டுவிடும்.

கசகசா வெளியே வந்துவிடுகிறது. கிலோ கணக்குதான் யாருக்கும் பிடிபடுவதில்லை. வீட்டில் எடை பார்க்கும் மெஷினில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தூக்காமல் ஒருமுறை ஏறி, கழித்துப் பார்த்துத்தான் கிளம்பியிருப்பார்கள். ஆனால் கவுன்டரில் இருக்கும் மெஷின் இரண்டு கிலோ கூடவே காட்டும். கைப்பையையும் வைக்கச் சொல்வார்கள். பெரும்பாலான விமானங்களில் அதற்கு 7 கிலோதான் அனுமதி. அங்கேயும் ஒன்றரை கிலோ அதிகம்!

அதன்பிறகு நடப்பது எல்லோருக்கும் தெரிந்த காட்சிதான். வரிசையிலிருந்து விலகி, பளபளக்கும் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, கயிறு கட்டி டேப் சுற்றிய பெட்டியைப் பிரிப்பார்கள். உள்ளே இருக்கும் லுங்கி, துண்டு, மருந்துச் சீட்டு எல்லாம் நாலு பேர் கண்ணில் படும். ஒரு ஜீன்ஸுக்கு மேல் இன்னொரு ஜீன்ஸ், சட்டைக்கு மேல் ஜெர்கின் எனப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க நிற்பவர்களும் உண்டு. ஊறுகாய் பாட்டிலைக் கைப்பைக்கு மாற்றினால் பாதுகாப்புச் சோதனையில் நிற்கும். வெளிநாட்டு விமானங்களில் 100 மில்லிக்கு மேல் திரவமோ எண்ணெய்ப் பண்டமோ கையோடு போகாது. கடைசியில் முறுக்குதான் தோற்கும். வேன் இன்னும் கிளம்பாமல் இருந்தால் அது வீட்டுக்குத் திரும்பும். கிளம்பியிருந்தால் பக்கத்தில் நிற்கும் முகம் தெரியாத யாருக்காவது போகும்.

பணம் கட்டலாமே என்று கேட்கலாம். கூடுதல் எடைக் கட்டணம், நிறுவனத்தையும் போகும் ஊரையும் பொறுத்து, கிலோவுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து தொடங்குகிறது. முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கினால் ஒரு விலை. கவுன்டரில் அதைவிடக் கூடுதல். ஒரு கிலோ முறுக்கு வாங்கிய பணத்தைவிட அந்த ஒரு கிலோவைத் தூக்கிப்போகக் கேட்கும் பணம் அதிகம். இதே திருச்சியிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் வகுப்பில் சென்னைக்குப் போகிறவருக்கு 40 கிலோ வரை இலவசம். ரயிலையும் விமானத்தையும் ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனால் ரயிலில் போய்ப் பழகியவர்தானே முதன்முறையாக விமானத்துக்கு வருகிறார்!

எப்போதும் இப்படி இருக்கவில்லை. உள்நாட்டு விமானங்களில் ஒருகாலத்தில் 20 கிலோ வரை இலவசமாகக் கொண்டுபோகலாம். 2013-ல் தனியார் நிறுவனங்கள் அதை 15 கிலோவாகக் குறைத்தன. 15-லிருந்து 20 வரையிலான எடைக்கு, கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ உத்தரவு போட்டது. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2017-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. இப்போது பெட்டியே இல்லாமல் போகிறவர்களுக்கு என்று தனி டிக்கெட்டே இருக்கிறது. கோலாலம்பூர், சிங்கப்பூர் பக்கம் பறக்கும் குறைந்த கட்டண விமானங்களின் அடிப்படை டிக்கெட்டில் பெட்டி சேராது. பெட்டி, சாப்பாடு, ஜன்னல் ஓர சீட் எல்லாமே தனித்தனிக் கணக்கு.

இதை அநியாயம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடவும் முடியாது. 2003-ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் கிளம்பியபோது, தேவையில்லாததையெல்லாம் கழித்துவிட்டு டிக்கெட் விலையைக் குறைப்பதுதான் திட்டமே. சாப்பாடு இலவசம் கிடையாது. சில டிக்கெட்டுகளை ஒரு ரூபாய்க்கே விற்றார்கள். அவர் வாழ்க்கையைத் தழுவி வந்த 'சூரரைப் போற்று' படத்தைப் பார்த்துக் கண்கலங்கிய நாம், அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் இன்று பார்க்கிறோம். விமான நிறுவனங்களின் செலவில் ஏறக்குறைய 40 சதவிகிதம் எரிபொருளுக்கே போகிறது என்கிறார்கள். கிங்ஃபிஷர், ஜெட் ஏர்வேஸ், கோ ஃபர்ஸ்ட் எனக் கண்ணெதிரே மூடப்பட்ட நிறுவனங்களின் பட்டியலும் சின்னதில்லை. கழித்தது விலையைக் குறைக்கத்தான் என்றால் சரி. ஆனால் இன்று பண்டிகை நாளில் டிக்கெட் விலையும் ஏறுகிறது, கழித்தவையும் திரும்பி வரவில்லை.

'எல்லாம் டிக்கெட்டிலேயே இருக்கிறதே' என்பதுதான் எந்தப் புகாருக்கும் கிடைக்கும் பதில். உண்மைதான், இருக்கிறது. ஆனால் அதை யார் படித்தார்கள்?

ஏஜென்ட்டின் போன் நம்பர்

திருச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் பெரும்பாலானவர்களுக்கு டிக்கெட் என்பது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் டிராவல்ஸ் கடையில் கிடைக்கும் ஒரு தாள், அல்லது வாட்ஸ்அப்பில் வரும் ஒரு பி.டி.எஃப். கம்ப்யூட்டர் திரையில் 'பெட்டி வேண்டுமா? எத்தனை கிலோ?' என்று கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவர் கடைக்காரர். 'இருக்கிறதிலேயே கம்மி விலையில போடுங்கண்ணே' என்று சொன்னவருக்கு, கம்மி விலை என்றால் கம்மி கிலோ என்பது கவுன்டரில்தான் தெரியவருகிறது. நிபந்தனைகள் முழுக்க ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டிக்கெட் போடும்போது பல கடைகளில் பயணியின் செல்போன் எண்ணுக்குப் பதிலாகக் கடையின் எண்ணையே கொடுத்துவிடுகிறார்கள். விமானம் தாமதம், நேரம் மாற்றம், ரத்து என எந்தக் குறுஞ்செய்தியும் கடைக்குத்தான் போகும். ராத்திரி பத்து மணிக்குக் கடை பூட்டியிருக்கும். அதிகாலை விமானத்துக்கு வேன் பிடித்து வந்து நிற்பவருக்கு, விமானம் மதியம்தான் என்பது ஏர்போர்ட் வாசலில்தான் தெரியும்.

நேரம் வீணாவதோடு முடிவதில்லை. உள்நாட்டு விமானத்தை உரிய முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அதை நிறுவனம் இழப்பீடாகத் தர வேண்டும் என்கிறது டி.ஜி.சி.ஏ விதி. டிக்கெட் பணமோ மாற்று விமானமோ இதற்கு மேல் தனி. புயல், பாதுகாப்புப் பிரச்னை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அதே விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது தன்னைத் தொடர்புகொள்ளப் போதுமான விவரம் தராதவருக்கு இழப்பீடு கிடையாது! கடைக்காரர் நம்பரோடு பறப்பவர் தன் உரிமையை டிக்கெட் எடுத்த அன்றே பணயம் வைத்துவிட்டார். அது அவருக்கே தெரியாது.

தாமதத்துக்கும் விதி உண்டு. இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் உள்நாட்டு விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், காத்திருப்பவருக்குச் சாப்பாடு தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். இரவு 8 மணியிலிருந்து அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் தங்குமிடமும் தர வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும் என்பதுதான் நடைமுறை. கேட்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் தன் காசில் காபி வாங்கிக் குடிக்கிறார். சென்னை விமான நிலையத்தில் 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மலிவு விலை உணவகத்தில் டீ 10 ரூபாய் என்பது செய்தியானது. டீ 10 ரூபாய் என்பதே செய்தியாகிறது என்றால், மற்ற கடைகளின் விலையைச் சொல்லவே வேண்டாம்.

2025 டிசம்பர் முதல் வாரம் யாருக்கும் மறந்திருக்காது. விமானிகளின் ஓய்வு நேரம் குறித்த புதிய விதிகளுக்கு ஏற்பத் தயாராகாமல் இண்டிகோ தடுமாற, ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாகின. மற்ற நிறுவனங்களின் டிக்கெட் விலை எகிற, மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய், ஆயிரம் கிலோமீட்டர் வரை 12,000 ரூபாய் என. உள்நாட்டுப் பயணிகளில் சுமார் 90 சதவிகிதம் பேரை இரண்டே குழுமங்கள் ஏற்றிச் செல்லும் நாட்டில், ஒன்று படுத்தால் மற்றொன்றில் இடம் எங்கே இருக்கும்?

இந்தக் கோபமெல்லாம் போய் விழுவது கவுன்டரில் நிற்கும் பெண் மீதுதான். கட்டணத்தை அவர் நிர்ணயிக்கவில்லை, விமானத்தை அவர் தாமதப்படுத்தவும் இல்லை. திருச்சிக்காரர்களுக்கு நன்றியோடு நினைக்க ஓர் இரவும் இருக்கிறது. 2024 அக்டோபர் 11-ம் தேதி ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 140-க்கும் மேற்பட்ட பயணிகளோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானில் வட்டமடித்து, எரிபொருளைத் தீர்த்துவிட்டுப் பத்திரமாகத் தரையிறக்கினார்கள். டி.வி முன் தமிழ்நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பறக்கவைப்பதில் இவ்வளவு திறமையும் நிதானமும் காட்டும் ஒரு துறை, தரையில் பயணியிடம் நாலு வார்த்தை தமிழில் விளக்கிச் சொல்வதில் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுகிறது என்பதுதான் புரியவில்லை. விமானி ஒருவர் தமிழில் அறிவிப்பு செய்த வீடியோ வைரலாகிறது என்றால், அது எவ்வளவு அபூர்வம் என்றும் அர்த்தம்.

பிரசவம் பார்க்கச் சிங்கப்பூர் போகும் அம்மாக்களில் பலர் சக்கர நாற்காலியில் போவதற்கும் இதுதான் காரணம். வயலில் நாள் முழுக்க நடந்த கால்கள் அவை, நன்றாகவே இருக்கின்றன. ஆனால் சக்கர நாற்காலி கேட்டால் கூடவே ஓர் ஆள் வருவார். இமிக்ரேஷனில் என்ன கேட்கிறார்கள், எந்த கேட், எந்த வரிசை என்று அவர் பார்த்துக்கொள்வார். நடக்க முடியாதவர்களுக்கான வசதி, மொழி தெரியாதவர்களுக்கு ஊன்றுகோலாகிவிட்டது. உண்மையிலேயே நடக்க முடியாத முதியவர் நாற்காலிக்காகக் காத்திருக்க நேர்கிறது. பிள்ளைகள்மேல் குற்றம் சொல்வது எளிது. அம்மாவைத் தனியாக அனுப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

வருகைப் பகுதியில் காட்சி வேறு. கோடாலித் தைலம், சாக்லேட், பால் பவுடர், கம்பளி என இங்கும் கிலோக்கள்தான். 2024 ஆகஸ்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அமீரகத்திலிருந்து வரும் பயணிகளுக்கான 30 கிலோவை 20 கிலோவாகக் குறைத்தபோது, இரண்டு வருடம் சேர்த்துவைத்து வாங்கியதில் எதை விட்டுவருவது என்று தவித்தவர்கள் பலர். பின்னர் 30 கிலோ திரும்பி வந்தது.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. கன்வேயர் பெல்ட்டில் பெட்டி உடைந்து வந்தாலோ வராமலே போனாலோ, 'நாளைக்கு வந்து கேட்டுக்கலாம்' என்று வேனில் ஏறிவிடக் கூடாது. வெளியே வருவதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் கவுன்டரில் புகார் எழுதி, அதன் நகலை வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தியா ஏற்றுக்கொண்டிருக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டி சேதமானால் 7 நாளுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்தால் கையில் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்துபூர்வமாகப் புகார் தர வேண்டும். நிறுவனம் அசையவில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா செயலி இருக்கிறது, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பெட்டியில் ஒட்டிய சீட்டு, போர்டிங் பாஸ் இரண்டையும் வீடு போய்ச் சேரும் வரையாவது கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். அடுத்த முறை டிக்கெட் போடும்போது, டிராவல்ஸ் கடையில் உங்கள் நம்பரைச் சொல்லி, அதைத் திரையில் அடிக்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.