கிராணிக்கு மேல் கிராணி

தோட்டத்து லயங்களில் வீட்டுக்கு வீடு தபால்காரர் வரமாட்டார். கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும். கிராணி பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். வீட்டு ரௌட்டரும் அப்படியொரு கிராணிதான். உள்ளே கைப்பேசி, டிவி, கணினி ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஓர் உள்முகவரி. வெளியுலகுக்கு எல்லாம் சேர்த்து ஒரே முகவரி. உள்ளேயிருந்து யார் எங்கே எழுதினார்கள் என்று போர்ட் எண்ணோடு குறித்துக்கொள்ளும். பதில் வந்தால் உரியவரிடம் கொடுக்கும். நாம் எழுதாமலே வரும் கடிதத்துக்குப் பதிவேட்டில் குறிப்பு இருக்காது, அதனால் உள்ளே விடாது. "443ஆம் எண்ணுக்கு வந்தால் இந்தக் கணினியிடம் கொடு" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

எனக்கு அது தேவைப்பட்டது அப்பாவின் கேசட்டுகளுக்காக. தோட்டத்துத் திருவிழா, லயத்து ஆட்களின் பேச்சு, பாட்டி பாடிய ஒப்பாரி. அதைக் கொண்டுபோய் எவனுடைய கிளவுடிலோ போட மனம் வரவில்லை. கிள்ளானில் என் மேசைக்கடியில் உள்ள சிறு கணினியிலேயே இருக்கட்டும், சிங்கப்பூரில் தங்கை அங்கிருந்தே கேட்கட்டும் என்று நினைத்தேன்.

கணினிக்கு மாறாத உள்முகவரி கொடுத்தேன். 443ஐத் திறந்தேன். தங்கையிடமிருந்து வாட்ஸ்அப்: "ஒண்ணுமே வரலண்ணே, சுத்திக்கிட்டே இருக்கு."

ரௌட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பார்த்தேன். 100.72 என்று தொடங்கியது. அட! 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் புழங்குவதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. அதாவது என் கிராணிக்கு மேல், நிறுவனத்தில் இன்னொரு பெரிய கிராணி. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி. அவரிடம் நான் எதையும் சொல்லி வைக்க முடியாது. போன் போட்டுக் கேட்டால், வணிகத் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள்.

பற்றாக்குறை பொய்யல்ல. பழைய பாணி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. ஆனாலும் எனக்கு உறுத்துகிறது. படம் பார்க்கிறவனுக்கும் பொருள் வாங்குகிறவனுக்கும் எந்தக் குறையும் இல்லை. தன் வீட்டிலிருந்து எதையாவது கொடுக்க நினைக்கிறவனுக்கு மட்டும்தான் கதவு இல்லை என்பது தெரிகிறது. அப்படி நினைக்கிறவர்கள் குறைவு என்பதால் யாரும் சத்தம் போடுவதில்லை.

கடைசியில் ஐபிவி6தான் கைகொடுத்தது. அதில் ஒவ்வொரு கருவிக்கும் சொந்தப் பொது முகவரி உண்டு. மொழிபெயர்க்கக் கிராணி வேண்டாம், வாசலில் ஃபயர்வால் அனுமதித்தால் போதும். அந்த ஒரு கணினிக்கு, அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். சிலர் பொறுமையில்லாமல் டிஎம்இசட் பொத்தானை அழுத்திக் கணினியை மொத்தமாகத் தெருவில் நிறுத்திவிடுவார்கள். வேண்டாம்.

தங்கையின் அலுவலகத்தில் ஐபிவி6 இல்லை. வீட்டுக்குப் போய், பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் கேட்கிறாள்.