பளபளப்பு என்கிற கறை

துடைக்கத் துடைக்க அசிங்கமாகிற பொருள் ஒன்று உலகத்தில் உண்டு. அது எனக்கு 45 வயதில்தான் தெரிந்தது. உங்களுக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டால் காசு மிச்சம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆம்பூரில் என் அக்கா வீடு. அக்கா ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறாள். அவள் மகன் இன்னொரு கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். ஓவர்டைம் பார்த்து முன்பணம் சேர்த்து, 36 மாதத் தவணையில் ஒரு பைக் வாங்கியிருந்தான். மேட் கறுப்பு. கரும்பலகை மாதிரி, வெயிலிலும் மின்னாத கறுப்பு.

மின்னாத பெயிண்ட் பட்டாளத்துக்காரர்களுக்குப் பழக்கமானதுதான். ராணுவ வண்டி வெயிலில் மின்னினால் எதிரி கண்ணில் பட்டுவிடும். அதனால் அதற்கு மங்கலான பூச்சு. 2011-ல் ராயல் என்ஃபீல்டு 'டெசர்ட் ஸ்டார்ம்' என்று பாலைவன மணல் நிறத்தில் ஒரு புல்லட்டை இறக்கியது. பிறகு மேட் என்பது நம்மூர்ப் பையன்களின் கனவு நிறங்களில் ஒன்றாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வேப்பமரத்தடியில் வண்டி. பெட்ரோல் டேங்க் மேல் காக்கா எச்சம், காய்ந்து வெள்ளையாக. பையன் நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறான். 'மாமா வந்ததுக்கு ஒரு உதவி' என்று நினைத்தேன். பழைய பனியன் துணியை எடுத்துத் தேய்த்தேன். எச்சம் போனது, லேசாக ஒரு தடம் நின்றது. என் காருக்கு வாங்கி வைத்திருந்த பாலிஷ் பேஸ்ட் டிக்கியில் இருந்தது. அதையும் போட்டு, கை வலிக்கத் தேய்த்தேன்.

தடம் போய்விட்டது. ஆனால், கரும்பலகைக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டின மாதிரி அந்த இடம் மட்டும் பளபளவென்று மின்னியது!

பையன் எழுந்து வந்து பார்த்தான். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. "வுடுங்க மாமா... தெரியாமத்தானே பண்ணீங்க" என்றான். சாயந்திரம் வண்டியை நிறுத்தும்போது, அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும்படி நிறுத்தினான். அவன் திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள், தெரிந்த ஒரு பாயிடம் போனேன். தோல் ஃபினிஷிங்கில் 30 வருஷத்துக்கு மேல் கை ஊறினவர். கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், வண்டிய கிளேஸ் பண்ணிட்டீங்களே!"

தோல் தொழிலில் அது ஒரு வேலை. கிளேஸிங் மெஷினில் ஒரு கண்ணாடி உருளை தோலை அழுத்தித் தேய்த்துக்கொண்டே போகும். அந்தத் தேய்ப்பிலேயே தோல் மின்ன ஆரம்பிக்கும். நுபக் தோல் அதற்கு நேர் எதிர். தோலின் மேல்முகத்தை எமெரி பேப்பரில் லேசாக உரசி, பஞ்சு மாதிரி ஆக்குவார்கள். மேட் அழகு அதில்தான். "நுபக் ஷூவுக்குப் போய் யாராச்சும் பாலிஷ் போடுவாங்களா சார்? அதையேதான் நீங்க டேங்குக்குப் பண்ணிக்கினு வந்திருக்கீங்க" என்றார்.

விஷயம் இதுதான். பளபள பெயிண்டின் மேல்பூச்சு கண்ணாடி மாதிரி வழவழப்பு. வெளிச்சம் நேராகத் திரும்பி வரும். மேட் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள். வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். மெழுகு போட்டால் பள்ளம் ரொம்பும். தேய்த்தால் மேடு கரையும். ரெண்டிலும் பளபளப்புதான் மிச்சம். மெழுகையாவது எடுத்துவிடலாம். கரைந்த மேட்டைத் திரும்ப வைக்க முடியாது. அந்த பாகத்துக்கே மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான்.

அப்புறம் எப்படித்தான் சுத்தம் செய்வது? பாயும், பிறகு நான் போன பெயிண்டிங் பட்டறைக்காரரும் சொன்னதைச் சேர்த்துத் தருகிறேன்.

வண்டி நிழலில் நிற்க வேண்டும். சூடு ஆறியிருக்க வேண்டும். எச்சத்தின் மேல் நனைத்த துணியைப் போட்டு ஐந்து பத்து நிமிஷம் சும்மா இருங்கள். ஊறியதும் தண்ணீர் ஊற்றினால் தானாகவே கழன்று வரும். மிச்சத்துக்குக் காரமில்லாத கார் ஷாம்பூ, மைக்ரோஃபைபர் துணி. அழுத்தக் கூடாது. வாஷிங் பவுடர், நார், காய்ந்த துணி எதுவும் கிட்டே வரக் கூடாது. கிரீஸோ தாரோ ஒட்டியிருந்தால், மேட் பெயிண்டுக்கென்றே விற்கும் கிளீனரை முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் போட்டுப் பார்த்துவிட்டு, ஒற்றி எடுக்க வேண்டும். எச்சத்தை நாள் கணக்கில் விடவும் கூடாது. அதிலிருக்கும் அமிலம் வெயில் சூட்டில் பெயிண்டையே அரித்துவிடும்.

அதே பட்டறையில் சாம்பல் நிற பிரைமரோடு ஒரு வேன் நின்றது. கதவில் யாரோ வைத்த எண்ணெய்க் கை. "அது இன்னும் மோசம்ணா. பிரைமர் ஈரத்தக் குடிக்கும், எண்ணெயக் குடிக்கும். அது உடுப்பு இல்ல, உள்பனியன்" என்றார் பெயிண்டர். பிரைமரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மழையில் நிறுத்தினால் உள்ளே துரு பிடிக்கும். எண்ணெய்க் கறை என்றால் கிரீஸ் ரிமூவரை ஒரு துணியில் தொட்டுத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். அப்படியும் போகாவிட்டால் எமெரி பேப்பரால் தேய்த்து, அந்த இடத்துக்குத் திரும்பப் பிரைமர். கறையை மூடி மேலே பெயிண்ட் அடித்தால், பெயிண்ட் ஒட்டாமல் குழி குழியாக நிற்கும்.

இதெல்லாம் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து முறையாகக் கழுவலாம் என்று போர் தண்ணீரைப் பிடித்தேன். அக்கா தடுத்தாள்.

"அந்தத் தண்ணி வாணாம்டா. காஞ்சா வெள்ள வெள்ளயா உப்புப் பூக்கும். அதையும் தேச்சி எடுக்க முடியாது."

மேட் வண்டியில் உப்புத் தண்ணீர்ப் புள்ளி விழுந்தால் அதுவும் ஒரு கறை. அக்கா வீட்டுப் போரில் அந்த உப்பு எங்கிருந்து வந்தது?

பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். டேனரியில் முதல் வேலையே அந்த உப்பைக் கழுவி விடுவது. பல பத்தாண்டுகளாக அந்தக் கழிவு நிலத்திலும் பாலாற்றிலும் இறங்கியது. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான சுப்ரீம் கோர்ட் அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே அதைச் சரிசெய்யும் செலவைக் கொடுக்க வேண்டும். கெடுவதற்கு முன்பே தடுக்க வேண்டும். இந்த இரண்டும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. இந்தியா முழுக்கச் சட்ட மாணவர்கள் வேலூர் பெயரைச் சொல்லித்தான் அதைப் படிக்கிறார்கள். 28 வருஷத்துக்கும் மேல் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று அதே கோர்ட், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும் பாலாற்றை மீட்க ஒரு குழு அமைக்கவும் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

ஆற்றில் போன உப்பும் என் பாலிஷ் மாதிரிதான். போடுவதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.

நான் பி.காம் படித்தவன். கெடுத்தவன் நான்; கொடுக்க வேண்டியவனும் நான். டேங்குக்குப் பெயிண்ட் அடிக்கும் பணத்தை அக்காவிடம் கொடுத்தேன். பையன் திருப்பி நீட்டினான். "தவணை முடியட்டும் மாமா, அப்பறமா பாத்துக்கலாம். அது வரைக்கும் தண்ணி கேன் வாங்கிக் குடுங்க, போதும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால், அக்கா அன்றைக்கு வண்டியின் கடைசிக் கழுவலுக்கு ஊற்றியது, சமையலுக்குக் காசு கொடுத்து வாங்கிய கேன் தண்ணீர். அரைக் கேன் காலி. கழுவின தண்ணீர் பூந்தொட்டிக்குப் போகட்டும் என்று அடியில் ஒரு பேசினை வைத்திருந்தாள்.

நாளைக் காலை உங்கள் வண்டியிலும் ஒரு காக்கா உட்கார்ந்துவிட்டுப் போகலாம். கை பரபரக்கும். துணியை எடுக்காதீர்கள். முதலில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் எடுத்து வாருங்கள். அது உங்கள் வீட்டுக் குழாயில் வருகிறதென்றால், நீங்கள் அதிர்ஷ்டசாலி.